பாதி வழியில் இறங்கியவர்

மூன்று வெள்ளை மிட்டாய்கள் மேசை மேல் உருண்டு, எர்மியோனியின் காபிக் கோப்பையில் முட்டி நின்றன.

"இதை எந்தக் கல்யாண வீட்ல கொடுத்தாங்கன்னு எனக்குத் தெரியணும். கல்யாணப் பொண்ணு யாரு, அவ அம்மா யாரு. அவ்வளவுதான்" என்றாள் வந்தவள்.

"கவலைப்படாதீங்கம்மா" என்றான் ஜன்னலோரம் பாலாடைக்கட்டி அப்பத்தைக் கடித்துக்கொண்டிருந்த ஸீசிஸ். "போன வாரம் ஒரு ஆட்டையே விசாரிச்சோம். கடைசி வரைக்கும் வாயைத் திறக்கல. மிட்டாய் அவ்வளவு பிடிவாதமா இருக்காது."

கரியோனா போன்ற சின்ன ஊரில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவருக்கு இரண்டே வகை வழக்குகள்தான் வரும். காணாமல் போன ஆடு, காணாமல் போன புருஷன். ஆடு சில சமயம் திரும்பி வந்துவிடும். எர்மியோனியின் புருஷன் பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டரின் உதவியாளரோடு ஊரை விட்டுப் போனவர்தான். அவருடைய தம்பி ஸீசிஸ் மட்டும் போகவில்லை. "அண்ணன் விட்டுட்டுப் போனதுல உருப்படியானது நான் ஒருத்தன்தான் அண்ணி" என்று சொல்லிக்கொண்டு இன்னமும் அவளோடுதான் சுற்றுகிறான். இருபத்தேழு வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள் எர்மியோனி. ஊரில் யார் என்ன பொய் சொன்னார்கள் என்பது அவள் நோட்டுகளில் தேதியோடு இருக்கும்.

அவள் பென்சிலை எடுத்தாள். "முதல்ல உங்க பேரு. அப்புறம் மிட்டாய்."

"அர்கீரோ. தெசலோனிக்கியிலேர்ந்து வரேன்." முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும். கறுப்பு உடை. தோளிலிருந்து கைப்பையை இன்னும் இறக்கவில்லை. "இது எங்க அப்பாவோட கைக்குட்டையில இருந்தது."

"அப்பா எங்கே?"

"செத்துட்டார். உங்க ஊர்லதான். நாளைக்கு நாற்பதாம் நாள்."

ஸீசிஸ் அப்பத்தைக் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்தான்.

அர்கீரோ மனப்பாடம் செய்தவள் மாதிரி வேகமாகச் சொன்னாள். அப்பா பெயர் ஸ்டெர்கியோஸ். ஏதென்ஸ் பக்கம் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் வெல்டர். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது வேலைக்கென்று போனவர், குடும்பத்திடம் திரும்பவில்லை. வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை மட்டும் வரும்.

"என் கல்யாணத்துக்கு வரேன்னார். வரல. அம்மா செத்தப்ப வரேன்னார். வரல. பையன் பிறந்ததும் நானே மனசு கேட்காம போன் பண்ணினேன். 'ஞாயித்துக்கிழமை பேரனுக்கு ஞானஸ்நானம். வந்தா வாங்க'ன்னேன். 'கண்டிப்பா வரேன் மகளே'ன்னார்."

"வரலையா?"

"பாதி தூரம் வந்தார்" என்றாள் அர்கீரோ. "சனிக்கிழமை உங்க ஊர்ல இறங்கிட்டார். ஸ்டேஷன் எதிர்ல இருக்கிற லாட்ஜ்ல ரெண்டு நாளைக்கு அறை எடுத்திருக்கார். திங்கட்கிழமை காலையில கட்டில்லயே போயிருந்தார். மாரடைப்புன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. சித்தப்பா வந்து எடுத்துட்டுப் போய் பிரேயஸ்லயே அடக்கம் பண்ணினார்."

"நீங்க போனீங்களா?"

"போகல." கைப்பையின் வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "என் பையனைப் பார்க்க வராதவரை நான் எதுக்குப் போய்ப் பார்க்கணும்னு சித்தப்பாகிட்ட சொல்லிட்டுப் போனை வெச்சுட்டேன். போன வாரம் சித்தப்பா அவரோட சாமானை ஒரு உறையில போட்டு அனுப்பினார். ஒரு வரி கடிதம்கூட இல்ல."

உறையைக் கவிழ்த்தாள். அடையாள அட்டை ஒன்று. அதிலிருந்த முகத்தில் பாதியை மீசையே அடைத்திருந்தது. அந்த மீசைக்கென்றே ஒரு குட்டிச் சீப்பு. ஒரு கைக்குட்டை. ஏதென்ஸ் - கரியோனா போகவர டிக்கெட், திரும்பும் பாதி கிழிக்கப்படாமல்.

"கரியோனாவுக்குத்தான் டிக்கெட்டே எடுத்திருக்கார், பாருங்க. எங்க ஊர் வரைக்கும் வர்ற எண்ணமே இல்ல. அதே ஞாயித்துக்கிழமை இங்க ஒரு கல்யாணம் நடந்ததுன்னு கீழே மருந்துக் கடையில சொன்னாங்க."

"நடந்தது" என்றான் ஸீசிஸ். "கோழிப்பண்ணைக்காரர் பொண்ணுக்கு. ஊரே போச்சு. நானும் போனேன். மூணு பந்தி சாப்பிட்டேன்."

"அந்தப் பொண்ணு எங்க அப்பாவுக்குப் பிறந்தவளா?"

எர்மியோனி டிக்கெட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தாள்.

"எனக்கு மறைக்காம சொல்லுங்க" என்றாள் அர்கீரோ. "நாலேகாலுக்கு ஏதென்ஸ் ரயில். நாலரைக்கு எங்க ஊர் ரயில். அவர் இங்க ஒரு மகள் கல்யாணத்துக்கு வந்து மிட்டாய் வாங்கிட்டுப் போனவர்னா, நாளைக்கு பிரேயஸ்ல நடக்கிற நாற்பதாம் நாள் வழிபாட்டுக்கு நான் போக மாட்டேன். இப்படியே திரும்பிடுவேன். எந்த ரயில்ல ஏறணும்னு நீங்கதான் சொல்லணும்."

எர்மியோனி ஒரு கேள்விதான் கேட்டாள். "உங்க வீட்டு விசேஷத்துக்கு அவர் வரலைன்னு அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்றீங்க?"

"கோயில் வாசலையே பார்த்துட்டு நின்னேன். அந்த மீசை உள்ளே நுழையும் நுழையும்னு காத்திருந்தேன். முடிஞ்சப்புறம் பையனோட ஞானத்தாய் வாங்கிட்டு வந்த மிட்டாய்ப் பொட்டலத்தை நானே வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர் கையிலயும் கொடுத்தேன். என்னைத் தாண்டாம யாரும் வெளியே போகல. அப்பாவையும் சேர்த்து எண்ணித்தான் பொட்டலம் வாங்கினது. அவருக்குன்னு ஒண்ணு மிஞ்சியிருக்கணும்."

"மிஞ்சியதா?"

"இல்ல. எவனோ ரெண்டு எடுத்துட்டான் போல. அதுவா இப்போ முக்கியம்?"

எர்மியோனி அந்தக் கடைசி வரியைச் சுருக்கெழுத்தில் எழுதி, கீழே ஒரு கோடு போட்டாள்.

*

அர்கீரோ அப்பா இறந்த அறையைப் பார்க்க வேண்டும் என்று லாட்ஜுக்குப் போனாள். அவள் படியிறங்கியதும் எர்மியோனி டிராயரைத் திறந்து ஒரு வலைத்துணிப் பொட்டலத்தை எடுத்தாள். கோழிப்பண்ணைக் கல்யாணத்தில் கொடுத்தது.

"அண்ணி, கல்யாண மிட்டாயைத் தலையணைக்கு அடியில வெச்சுப் படுத்தா மாப்பிள்ளை கனவுல வருவான்னு சொல்வாங்களே. நீங்க ஏன் டிராயர்ல பூட்டி வெச்சிருக்கீங்க?"

"உங்க அண்ணன் கனவுல வந்துட்டா?"

"நியாயம்தான். பூட்டியே வைங்க."

இரண்டு மிட்டாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதே வெள்ளை, கிட்டத்தட்ட அதே நீளம். கைக்குட்டையில் வந்தது கொஞ்சம் தட்டை. எர்மியோனி பூதக்கண்ணாடியைத் தேடித் திரும்புவதற்குள் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"ஸீசிஸ்! அது செத்தவரோட மிட்டாய்!"

அவன் வாயை மூடிக்கொண்டு கண்களை மட்டும் உருட்டினான். பிறகு மெதுவாக மென்றான். "அண்ணி, திட்டறதை ஒரு நிமிஷம் தள்ளி வைங்க. இதுக்குள்ள பாதாம் இல்ல."

"பின்னே?"

"ஆரஞ்சுத் தோல். பாகுல ஊற வெச்சது."

எர்மியோனி தன் பொட்டலத்திலிருந்து ஒன்றைக் கடித்தாள். பல்லில் நொறுங்குகிற பாதாம்.

"கோழிப்பண்ணைக்காரர் வீட்ல ஆரஞ்சுத் தோல் கொடுத்தாங்களா?"

"மூணு பந்தி சாப்பிட்டவன் சொல்றேன். கொடுக்கல. அவர் கொடுத்திருந்தா உள்ளே கோழி எலும்புதான் இருந்திருக்கும்."

*

ஊரில் மிட்டாய் செய்கிறவள் ஒருத்திதான். பொலிக்ஸெனி. எர்மியோனியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள். எதையும் மூக்கால் முடிவு செய்கிறவள். ஸீசிஸ் கடித்து வைத்த மீதியை முகர்ந்தாள்.

"இதை நான் செஞ்சேன்னு யார்டி சொன்னது? என் கையை வெட்டிக்கோ."

"யாரும் சொல்லல. யார் செஞ்சதுன்னு சொல்லு."

"கல்யாணத்துக்கு எவளாவது இதைக் கொடுப்பாளாடி? பாதாம் கசப்பும் இனிப்புமா இருக்கும், வாழ்க்கை அப்படித்தான்னு சொல்லிக் கொடுக்கிறது. இது பச்சைக் குழந்தை விசேஷத்துக்கு. கசப்பு எதுக்கு அதுக்குள்ளன்னு ஆரஞ்சுத் தோல் வைக்கிறாங்க. இந்த வழவழப்பு வரணும்னா மூணு நாள் ஆகும். அந்தப் பொறுமை எனக்குத் தெரிஞ்சு ஒருத்தருக்குத்தான் உண்டு. தெசலோனிக்கியில, மேல் தெருவுல ஒரு கிழவர்."

"போன் இருக்கா?"

"என்கிட்டயா, அவர்கிட்டயா?"

"ரெண்டு பேர்கிட்டயும்."

கிழவருக்குக் காது மந்தம். பொலிக்ஸெனி கடை அதிரக் கத்தினாள். ரொட்டி வாங்க வந்த இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு வீட்டுக்குத்தான் ஆரஞ்சுத் தோல் செய்ததாகக் கிழவர் சொன்னார். ஆண் குழந்தை. நீல ரிப்பன். ஞானத்தாய் வந்து வாங்கிப் போனாளாம். குழந்தையின் அம்மா பெயர் என்ன என்று பொலிக்ஸெனி மறுபடியும் கத்தினாள்.

பதிலைக் கேட்டுவிட்டு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். "அர்கீரோவாம்."

*

வெளியே வந்ததும் ஸீசிஸ் தெருவிலேயே ஒரு சுற்றுச் சுற்றினான். "அவர் போயிருக்கார் அண்ணி! மனுஷன் ஞானஸ்நானத்துக்குப் போயிருக்கார்! ஆனா தெசலோனிக்கி போன டிக்கெட் இல்லையே?"

"திரும்பிப் போற பாதி பாக்கி இருக்கிற டிக்கெட்டைப் பத்திரமா வெச்சிருந்தார். போயிட்டு வந்து தீர்ந்துபோன டிக்கெட்டை எவன் வெச்சிருப்பான்? ஸ்டேஷன் வாசல்ல குப்பைத்தொட்டி எதுக்கு இருக்கு?"

"அப்போ நல்ல சேதிதானே! ஓடிப் போய்ச் சொல்லுவோம்."

எர்மியோனி நடையைக் கூட்டவில்லை. "அந்தப் பொண்ணு வாசல்ல நின்னா. ஒவ்வொரு பொட்டலத்தையும் அவளே கொடுத்தா. அவளைத் தாண்டாம யாரும் போகல."

"ஆமா, அதான்..." ஸீசிஸின் கால் நின்றுவிட்டது. "அய்யோ."

"ஆமா."

"அவளேதான் கொடுத்திருக்கா."

"யாருன்னு தெரியாமலே."

லாட்ஜுக்காரர் கிளியாந்திஸ் கீழே வரவேற்பு மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மாடியில் ஆறாம் எண் அறையில் அர்கீரோ உட்கார்ந்திருக்கிறாள் என்று கண்ணால் காட்டினார். எர்மியோனி குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை அவரைப் பார்த்தீங்களா?"

"எங்கே பார்க்கறது? விடிகாலையிலேயே கல்யாண வீட்டுக்குப் போயிட்டேன். வந்தப்போ நடுராத்திரி. சாவி அவர்கிட்ட இருந்தது. அறையிலேயே இருந்திருப்பார்னு நினைச்சேன்."

"ஏன் இங்கே இறங்கினார்னு சொன்னாரா?"

"சனிக்கிழமை சொன்னாரே. நெஞ்சு பலவீனமாம். மூணு மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்து பயணம் பண்ணக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். அதனால வழியை ரெண்டா வெட்டிக்கிட்டேன்னார். போகும்போது ஒரு ராத்திரி, வரும்போது ஒரு ராத்திரி."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேட்கலையே."

"மீசை?" என்றாள் எர்மியோனி.

கிளியாந்திஸின் கை பட்டாணியிலேயே நின்றது. "அதைக் கேட்கறீங்களா! சனிக்கிழமை கையெழுத்துப் போட்ட ஆளுக்கு இவ்வளவு பெரிய மீசை. திங்கட்கிழமை கதவைத் திறந்தா கட்டில்ல வேற யாரோ கிடக்கிற மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் அறையே மாறிப் போச்சுன்னு வெளியே வந்து எண்ணைப் பார்த்தேன்."

*

அடுத்த கட்டடம் அனெஸ்திஸின் முடிதிருத்தும் கடை. அவர் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தார். அடையாள அட்டையைப் பார்த்ததும் தலையை அசைத்தார்.

"மறக்குமா? நான் ஒரு மாச லீவுல ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள். சனிக்கிழமை, கடை மூடப்போற நேரம். 'மீசையை எடுத்துடு'ன்னார். என் தொழில்ல இப்படி ஒரு மீசையை எடுக்கிறது பாவம் எர்மியோனி அம்மா. 'எதுக்குய்யா'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'என் பொண்ணு சின்னவளா இருக்கும்போது நான் முத்தம் கொடுத்தாலே கத்துவா. குத்துதுப்பா, குத்துதுப்பான்னு ரெண்டு கையாலயும் முகத்தைத் தள்ளிவிடுவா. நாளைக்குப் பேரனை முதல் தடவையா பார்க்கப் போறேன். அவனும் தள்ளிவிட்டுட்டா நான் எங்கே போவேன்'னார்."

ஸீசிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, அங்கே தொங்கிய கால்பந்து அணியின் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான்.

"அப்புறம்?"

"எடுத்தேன். கண்ணாடியைப் பார்த்துட்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். 'இந்த ஆள் யாருன்னு எனக்கே தெரியலையே'ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன்" என்றார் அனெஸ்திஸ். "நல்லா இருக்கார்தானே?"

*

"பாதியைச் சொல்லுங்க அண்ணி" என்றான் ஸீசிஸ், லாட்ஜ் படிக்கட்டில் வழியை மறித்து நின்றுகொண்டு. "வந்தார், பின்னால தூணோரமா நின்னார், பார்த்துட்டுப் போயிட்டார்னு சொல்லுங்க. அவ கையாலயே கொடுத்தான்னு சொல்லாதீங்க. அந்தப் பொண்ணுக்கு வீட்ல கைக்குழந்தை இருக்கு."

"இருபத்தேழு வருஷம் கோர்ட்ல உட்கார்ந்து எழுதினேன். பாதியைச் சொன்னவங்க யாரும் நல்லது செஞ்சு நான் பார்க்கல."

"இது கோர்ட் இல்ல."

"அதுதான் எனக்கும் பயமா இருக்கு" என்றாள் அவள். "தள்ளு."

ஆறாம் எண் அறையில் அர்கீரோ கட்டிலில் உட்காராமல், ஓரத்தில் இருந்த மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகத் தண்டவாளம் தெரிந்தது.

எர்மியோனி எதிரே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "உங்க அப்பாவுக்கு இந்த ஊர்ல யாரும் இல்ல. மகளும் இல்ல, மகளோட அம்மாவும் இல்ல. நெஞ்சு பலவீனமா இருந்ததால வழியில ஒரு ராத்திரி தங்கினார். ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பி உங்க ஊருக்கு வந்தார். இந்த மிட்டாய் உங்க பையனோடது. ஆரஞ்சுத் தோல். அவனோட ஞானத்தாய் சொல்லிச் செஞ்சது."

அர்கீரோ சிரிக்கப் பார்த்தாள். "இருக்காது. நான் வாசல்ல நின்னேன். என் கையாலதான் ஒவ்வொருத்தருக்கும்..."

வாக்கியம் முடியவில்லை. எர்மியோனி முடித்து வைக்கவும் இல்லை. ரயில்வே ஊழியர் ஒருவர் கீழே தண்டவாளத்தில் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். தட்டல் தூரமாகி நின்றது.

"மீசை இல்லாம வந்தாரா?" என்றாள் அர்கீரோ.

"ஆமா."

"சாம்பல் நிறக் கோட்டா?"

"அது எனக்குத் தெரியாது."

"சாம்பல் நிறக் கோட்டு. வரிசையில கடைசி ஆள். எல்லாரையும் முன்னால விட்டுட்டு நின்னார். புறங்கையில பொட்டுப் பொட்டா தீக்காயம். எங்க வீட்டுக்காரர் கிராமத்து ஆள் யாரோன்னு நினைச்சேன்." அவள் பேச்சு தணிந்து, எண்ணி எண்ணி வந்தது. "பொட்டலத்தைக் கொடுத்துட்டு, 'நீங்க எங்க வீட்டுக்காரர் பக்கமா?'ன்னு கேட்டேன். உடனே பதில் சொல்லல. என் முகத்தையே பார்த்துட்டு நின்னார். என்னவோ எதிர்பார்க்கிற மாதிரி. அப்புறம், 'தூரத்துச் சொந்தம்மா'ன்னார்."

ஸீசிஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"'உங்க பிள்ளை உங்களுக்கு நீண்ட நாள் வாழட்டும்'னார். எல்லாரும் சொல்றதுதானே அது. அதையேதான் அவரும் சொன்னார். 'குழந்தைக்கு ஒரு முத்தம் கொடுத்துக்கட்டுமா'ன்னு கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'சீக்கிரம், கார் காத்துட்டிருக்கு'ன்னேன்."

"குழந்தை அழுததா?" ஸீசிஸ் கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"இல்ல. கன்னத்துல கொடுத்தார். தூங்கிட்டே இருந்தான். அசையக்கூட இல்ல."

அப்புறம் அவள் நிமிர்ந்தாள். கண் காய்ந்திருந்தது. "வேணும்னேதான் செஞ்சிருக்கார், இல்ல? நான் கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் மீசையை எடுத்திருக்கார். ஒளிஞ்சு வந்து ஒளிஞ்சு போக. எப்பவும் போல."

எர்மியோனி சொல்ல வேண்டாம் என்று எண்ணி வைத்திருந்தது அது ஒன்றைத்தான். இப்போது வேறு வழியில்லை. அனெஸ்திஸ் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், நோட்டைப் பார்த்தே படித்தாள். குத்துதுப்பா, குத்துதுப்பா என்ற இடத்தில் அவள் குரல் மற்ற இடங்களைப் போலவே சமமாக இருந்தது. அப்படி வாசிக்கத்தான் அவளுக்குப் பயிற்சி.

அர்கீரோவின் கைகள் இரண்டும் மடியிலிருந்து எழுந்தன. உள்ளங்கைகள் விரிந்து, முகத்துக்கு எதிரே இல்லாத எதையோ தள்ளுகிற மாதிரி காற்றில் நின்றன. அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகுதான் உடைந்தாள்.

அழுகை ஓய வெகு நேரமாயிற்று. எர்மியோனி தோளைத் தொடவில்லை. தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். கீழே கிளியாந்திஸ் பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டு ரேடியோவை அணைத்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் அர்கீரோ கடைசியில். "'நான்தான்'னு ஒரு வார்த்தை."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் எர்மியோனி. "இருபத்திரண்டு வருஷம் கழிச்சு வந்தவர். நீங்களே கண்டுபிடிக்கணும்னு நினைச்சிருப்பார். இல்லைன்னா சொல்ற உரிமை தனக்கு இல்லைன்னு தோணியிருக்கும். எது சரின்னு என் நோட்ல இல்லம்மா."

*

நான்கு மணிக்குப் பிளாட்பாரத்தில் மூன்று பேர் நின்றார்கள். எந்த ரயில் என்று யாரும் கேட்கவில்லை. அர்கீரோ தெற்குப் பக்கம் பார்த்து நின்றாள்.

மீதி இருந்த இரண்டு மிட்டாய்களை எர்மியோனி கைக்குட்டையில் மடித்துக் கொடுத்தாள். "மூணு இருந்தது. ஒண்ணை என் கொழுந்தன் தின்னுட்டான். அவனை மன்னிச்சிடுங்க."

"அவர் தின்னலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள் அர்கீரோ. அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தாள். மறுபடி பையில் போட்டாள். மறுபடி எடுத்தாள்.

"என்ன தேடறீங்க?"

"முகத்தை." அவள் குரல் ஒடுங்கியிருந்தது. "ஒரு நிமிஷம் எதிர்ல நின்னார். நேருக்கு நேர் பார்த்திருக்கேன். கோட்டு ஞாபகம் இருக்கு. கை ஞாபகம் இருக்கு. முகம் வரல. கண்ணை மூடினா இந்த மீசைதான் வருது. அடக்கத்துக்காவது போயிருந்தா பார்த்திருப்பேன். அந்த முகம் எப்படி இருந்ததுன்னு யாராவது சொல்லுங்களேன்."

எர்மியோனியிடம் இதற்கும் குறிப்பு எதுவும் இல்லை. அவள் அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை.

திரும்பிப் பார்த்தபோது ஸீசிஸ் பக்கத்தில் இல்லை. மூன்று பந்தி சாப்பிடுகிற அந்த உடம்பு தண்டவாளத்தைத் தாண்டி, சதுக்கத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

நாலு பன்னிரண்டுக்கு சிக்னல் இறங்கியது. தூரத்தில் என்ஜின் தெரிந்தபோது அவன் திரும்பி வந்தான். கூடவே அனெஸ்திஸ். வெள்ளை அங்கி, தோளில் துண்டு, விரல்களில் இன்னும் சோப்பு நுரை. யாரையோ பாதி முகத்தோடு நாற்காலியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஸ்டெர்கியோஸ் இறந்துபோன சேதியை ஸீசிஸ் வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அனெஸ்திஸின் முகம் காலையில் பார்த்த முகமாக இல்லை.

"இந்தப் பொண்ணுதானா?" என்றார் மூச்சு வாங்க.

"இவங்கதான். சொல்லுங்க, எப்படி இருந்தார்?" என்றான் ஸீசிஸ். "சீக்கிரம். ரெண்டு நிமிஷம்தான் நிக்கும்."

ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. அனெஸ்திஸ் அவசரப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர்களை அளப்பது போல அவள் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"மேலுதடு வெள்ளையா இருந்தது. நாற்பது வருஷமா வெயில் படாத இடம். பச்சைக் குழந்தைத் தோல் மாதிரி" என்றார். "நடுவுல ஒரு பள்ளம். ஆழமா, கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சு. கத்தி அங்கே சரியா போகாது. ரெண்டு தடவை நிறுத்தி நிறுத்தித்தான் எடுத்தேன். வாய் ஓரம் கீழே இறங்கியிருக்கும், சோகமா இருக்காரோன்னு தோணும். சிரிச்சா மாறிடும்."

அவர் சோப்பு விரலை அவள் உதட்டுக்கு அருகே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"இதோ. இதேதான்மா. எங்கேயும் தேட வேண்டாம்."

கார்டு விசில் ஊதினார். அர்கீரோ படியில் ஏறினாள். கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் ஆள்காட்டி விரலைத் தன் மேலுதட்டில் வைத்து, மெதுவாக, கொஞ்சம் இடது பக்கம் சாய்த்து நகர்த்துவது தெரிந்தது. ரயில் தெற்கே போய்விட்டது.

"அண்ணி, எனக்கு நெஞ்சு வலிக்குது" என்றான் ஸீசிஸ்.

"ஓடினதாலயா?"

"இல்ல."

"உட்காரு" என்றாள் எர்மியோனி. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தெசலோனிக்கி ரயில் நாலரைக்கு வந்து, யாரும் ஏறாமல், யாரும் இறங்காமல் போனது. அன்று அவள் அலுவலகத்தை மறுபடி திறக்கவில்லை.